கெலாடித் தகரமும் வெள்ளைச் சேலையும்

கங்காணி வீட்டம்மா வெள்ளைச் சேலையை மடிப்புக் கலையாமல் என் மடியில் வைத்தார்.

நான் மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் கிழங்குப் பால். சேலையில் பட்டுவிடக் கூடாதே என்று இரண்டு கைகளையும் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். நான் கும்பிட்டு வாங்கிக்கொள்வதாக அவர் நினைத்திருக்க வேண்டும். பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள்.

"செடி போயிருச்சு புள்ள," என்றார் கங்காணி வீட்டம்மா. "இன்னும் எத்தன நாளைக்குப் பொட்டு வெச்சுக்கிட்டுத் திரிவ?"

ஜன்னலடியில் ஒரு பிளாச்சான் தகரம், இறால் விழுது அடைத்து விற்கும் டப்பா, இருந்தது. அதற்குள் மண் இருந்தது. மண்ணுக்கு மேலே எதுவும் இல்லை.

சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் லாரியில் ஏற்றிப்போன என் கணவர் இறந்துவிட்டார் என்பதற்கு, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குக் கிடைத்திருந்த சாட்சி அந்தத் தகரம் மட்டும்தான். கடிதம் வரவில்லை. ஆள் வந்து சொல்லவில்லை. செடியின் இலைகள் விழுந்துவிட்டன, ஆகவே நான் விதவை. அன்று என் முன் வைக்கப்பட்ட வழக்கு இதுதான்.

தேதி இல்லாத காலம்

இந்தத் தொடரைப் படித்து வருபவர்களுக்கு என் பைத்தியம் தெரியும். ஒரு நிகழ்ச்சியை எழுதினால் அது எந்த ஆண்டு, எந்தக் கிழமை என்று உறுதிப்படுத்தாமல் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் ஜப்பான்காரன் காலத்தில் தேதி என்பதே ஒழுங்காகக் கிடைக்கவில்லை. வந்ததும் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்தார்கள். ஆண்டுக் கணக்கையும் தங்களுடையதாக்கினார்கள். பிறகு கெடாவையே சயாமிடம் கொடுத்தார்கள், கொடி மாறியது. தோட்டத்து ஆபீஸ் சுவரில் காலண்டர் தொங்கிய ஆணி மட்டும் மிச்சம்.

எனக்கு மிஞ்சியவை பொங்கல், மாசி மகம், ஆடிக் கூழ், மழை, வெயில். இவற்றை வைத்துத்தான் எழுதுகிறேன். அந்தச் சேலை வந்தது பொங்கலுக்குப் பிறகு, மாசி மகத்துக்கு முன்பு. ரப்பர் மரங்கள் இலை கொட்டும் நாட்கள். நடந்தால் காலடியில் சருகு நொறுங்கும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கருவாடு வாங்கப் போன மனிதர்

அவர் பெயர் ரெங்கசாமி. லயத்தில் எந்தப் பெண்ணும் கணவர் பெயரை வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். நானும் சொன்னதில்லை. இப்போது அச்சில் எழுதுகிறேன். யார் என்ன செய்துவிட முடியும்?

எங்கள் தோட்டம் சுங்கைப் பட்டாணிக்கு உள்ளே தள்ளி இருந்தது. நாங்கள் இருவரும் பால் மரம் வெட்டியவர்கள், ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர்கள். ஜப்பான்காரன் வந்த பிறகு பாலுக்கு விலை இல்லை. பால் பிடிக்க மரங்களில் கட்டிய மங்குக் கிண்ணங்களில் மழைத் தண்ணீர் நின்று கொசு முட்டையிட்டது. அரிசி அருமையாகிவிட்டது. லயத்தைச் சுற்றி இருந்த செம்பருத்தி, அரளி, கனகாம்பரம் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மரவள்ளி நடச் சொன்னார்கள். நட்டோம். உயரமான மரவள்ளிச் செடிகள் அஞ்சடி வரைக்கும், வீட்டு முன்திண்ணை வரைக்கும், வந்து முட்டின.

அப்போதுதான் ஒரு நாள் அவர் சைக்கிளில் ஒரு மூட்டை சர்க்கரைவள்ளிக் கிழங்கை ஏற்றிக்கொண்டு தஞ்சோங் டாவாய்க்குப் போனார். கிழங்கைக் கொடுத்துக் கருவாடு மாற்றி வர வேண்டும். மாலையில் திரும்பியபோது சைக்கிளில் ஒரு சிறிய பொட்டலமும் ஒரு பிளாச்சான் தகரமும் இருந்தன. தகரத்தில் ஒரு செடி.

"கருவாடு எங்க?"

"இந்தா. கொஞ்சம் இருக்கு."

"மீதி?"

"இதான் மீதி."

"இதத் திங்க முடியுமா?"

"கையில பட்டாலே அரிக்குமாம். தின்னுபுடாத."

அவர் தகரத்தை அஞ்சடியில் வைத்து, இலை வெளிச்சத்தைப் பார்க்கும்படி திருப்பினார். சேம்பு இலைபோல் இருந்தது. பச்சை ஓரம், நடுவெல்லாம் சிவப்புத் தெறிப்பு. "யாரோ வெத்தலயப் போட்டுத் துப்புன மாதிரி இல்ல?" என்றார். "கெலாடியாம். அந்த மலாய்க்கார அம்மா வீட்டு வாசல் பூரா இதுதான் புள்ள. பாத்துக்கிட்டே நின்னுட்டேன்."

கருவாடு தீர்ந்துபோனது. தகரத்திலிருந்து பிளாச்சான் வாடை மட்டும் போகவில்லை. சில வாரங்களில், வைகாசி வாக்கில், லாரி வந்தது. அந்தக் காலையைப் பற்றிச் சென்ற வாரம் எழுதிவிட்டேன். மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. ஒன்றை மட்டும் நினைவுபடுத்துகிறேன். லாரியில் ஏறியவர்களின் பெண்டாட்டிகளிடம் கங்காணி எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "மூணே மாசம். ஆளுங்க திரும்பி வர்ற வரைக்கும் அவனவன் வீடு அவனவனுக்குத்தான்."

உரம் கேட்டவருக்கு

சில வாரங்களுக்கு முன் என் வீட்டுச் செடிகளைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அலோர் ஸ்டார் வாசகர் ஒருவர், என்ன உரம் போடுகிறீர்கள், எத்தனை நாளைக்கு ஒரு முறை தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்.

ஐயா, எனக்குத் தெரியாது. செடி வளர்ப்பு பற்றி அலோர் ஸ்டார் நூலகத்தில் கிடைத்த புத்தகங்களை எல்லாம் பின்னாளில் படித்தேன். அவற்றில் வாரக் கணக்கும் அவுன்ஸ் கணக்கும் உண்டு. தேதியில் உயிரை விடுகிற எனக்கே அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. என் மெர்கோங் வீட்டின் வரவேற்பறையில் இப்போதும் ஜன்னலடியில் செடிகள் இருக்கின்றன. காலையில் ஒவ்வொரு தொட்டியையும் தூக்கிப் பார்க்கிறேன். கனமாக இருந்தால் வைத்துவிடுகிறேன்; லேசாக இருந்தால் தண்ணீர் ஊற்றுகிறேன். மண்ணை முகர்ந்து பார்க்கிறேன். புளித்த வாடை வந்தால் தண்ணீர் அதிகம். இலை பளபளப்பை இழந்தால் இடத்தை மாற்றுகிறேன். மாற்றியது பிடிக்கவில்லை என்றால் மறுபடி மாற்றுகிறேன். இதற்குப் படிப்பு வேண்டாம். ஆனால் தினமும் பார்க்க வேண்டும். பார்ப்பதென்றால் அந்தச் செடியைப் பார்க்க வேண்டும்; நமக்கு வேண்டியதை அதில் பார்க்கக் கூடாது.

கடைசி வரியைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு போர் தேவைப்பட்டது.

பேரை மட்டும் சொன்னேன்

ஜப்பான் தொரை ஒரு முறை லயத்தைப் பார்வையிட வந்தார். கங்காணி பின்னால் குனிந்தபடி வந்தார். தொரை என் அஞ்சடியில் நின்று தகரத்தைப் பிரம்பால் சுட்டினார்.

"கெலாடி, துவான்," என்றேன். மலாயில் தின்கிற சேம்புக்கும் அதே பேர்தான்.

"மக்கான்?" என்று வாயருகே விரல்களைக் குவித்துக் காட்டினார்.

நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். கங்காணி மட்டும் திரும்பி வந்தார்.

"தொரைகிட்டயே பொய் சொல்லுறியா?"

"நான் பேரைத்தானே சொன்னேன். திங்க முடியாதுன்னு நீங்க சொல்லியிருக்கலாமே கங்காணி."

அவர் தகரத்தை முறைத்துவிட்டுப் போனார். அடுத்த முறை தகரத்தை எட்டி உதைப்பார் என்று தெரிந்ததால் அதை வீட்டுக்குள் கொண்டுபோய் ஜன்னலடியில் வைத்தேன். லயத்தில் வீட்டுக்குள் செடி வைத்தவள் நான் ஒருத்திதான். "மனுசனுக்கே படுக்க எடமில்ல, இவ செடிக்கு எடம் குடுக்குறா," என்றார்கள். கிழங்கு கழுவிய தண்ணீரை அதற்கு ஊற்றினேன். உள்ளே வந்த பிறகு இலைகள் இன்னும் பெரிதாயின.

ஆடியில் ஆத்தா முன்னால்

அந்த ஆண்டு ஆடிக் கூழுக்கு மாரியம்மனுக்குச் சாத்த ஒரு பூ இல்லை. எல்லாவற்றையும்தான் பிடுங்கிவிட்டோமே. மழை வேறு ஓயவில்லை. பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா என் ஜன்னலைப் பார்த்தாள்.

"உன் தகரத்தக் குடுடி. பூ இல்லாட்டி என்ன, இது பூவ விட நல்லாத்தான் இருக்கு."

கொடுத்தேன். அதை ஆத்தா முன்னால் நடுவில் வைத்தார்கள். இலைகள் விரிந்து பீடத்தையே மறைத்தன. பெண்கள் குலவையிட்டார்கள். மரவள்ளி மாவில் கரைத்த கூழை ஊற்றினார்கள். பூசாரி செடியின் மேல் திருநீற்றைத் தூவி, "இது தழைக்கிற மாதிரி அங்க போனவங்களும் தழைக்கணும்," என்றார்.

நல்ல மனத்தோடுதான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து அது என் செடியாக இல்லை.

அஞ்சலை அக்காவின் புருஷன் சுப்பையா அண்ணனும் அதே லாரியில் போனவர். அவள் காலையில் கண் விழித்ததும் என் ஜன்னலுக்கு வருவாள். "புது எல வந்திருக்கு பாரு. எங்காளுக்கு நேத்துச் சோறு கெடைச்சிருக்கும்," என்பாள். ஒரு இலை பழுத்தால் அன்று முழுவதும் பேச மாட்டாள்.

"அக்கா, அது எல. பழுக்கத்தான் செய்யும்."

"நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே செடி. நீ பேசாத," என்பாள்.

மார்கழி முடிவில் மழை நின்றது. இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி, காம்பு தளர்ந்து, தகரத்தின் விளிம்பில் சாய்ந்தன. திருநீறு போட்டார்கள். வேப்பிலை செருகினார்கள். நான் வேலைக்குப் போன நேரத்தில் அஞ்சலை அக்கா குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றினாள். நான் வந்து முகர்ந்தேன். மண் புளித்திருந்தது. மண்ணைக் கொட்டி உலர்த்தி மறுபடி நிரப்பினேன். தண்ணீரை நிறுத்தினேன். ஏன் என்று கேட்டால் அன்று சொல்லத் தெரியாது. அந்தச் செடி கேட்கவில்லை என்று கைக்குத் தோன்றியது.

"வாடுறதுக்குத் தண்ணி குடுக்காம சாகடிக்கிறா," என்று லயம் முழுவதும் பேசியது.

கடைசி இலையும் போன பிறகு மண்ணுக்குள் விரலை விட்டுக் கிழங்கை அழுத்திப் பார்த்தேன். பச்சை மாங்காய்போல இறுகியிருந்தது. செத்த கிழங்கு கொழகொழவென்று இருக்கும்; மரவள்ளியே சோறாகிப்போன எங்களுக்கு அது தெரியாதா? மண்ணை மூடிவிட்டேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் சேலை வந்தது.

சேலை எனக்குத்தானே

கைகளைத் தூக்கியபடியே கேட்டேன்: "யாரு வந்து சொன்னாங்க?"

"யாரு சொல்லணும்? ஆத்தா முன்னால வெச்ச செடி சொல்லுது."

"வெளிய பாருங்கம்மா," என்றேன். "அத்தன மரமும் மொட்டையா நிக்குது. தோட்டத்துல உள்ளவங்க அத்தன பேரும் செத்துட்டோமா?"

பெண்கள் வெளியே பார்த்தார்கள். கண்ணுக்கு எட்டிய வரை ரப்பர் மரங்கள் ஓர் இலை இல்லாமல் நின்றன. பிறந்ததிலிருந்து ஆண்டுதோறும் அதைப் பார்த்தவர்கள். ஒரு நாளும் அதற்காக அழுதவர்கள் இல்லை.

"ரப்பர் மரம் வேற," என்றார் கங்காணி வீட்டம்மா. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் முடிச்சிருவோம். இந்த வீட்ட எங்க வீட்டுக்காரரு அக்கா மகனுக்குக் கேக்குறாங்க. நீ மேட்டு லயத்துல கெழவிங்களோட இருந்துக்கலாம். நான் சொல்லிக் கஞ்சி குடுக்கச் சொல்றேன்."

அவர் கெட்டவர் அல்ல. அந்தச் சேலை அவர் பெட்டியிலிருந்து எடுத்தது. துணியே கிடைக்காத காலம் அது. நானும் அஞ்சலை அக்காவும் கோணிப்பையைத் தைத்து இடுப்பில் கட்டியிருந்தோம். உட்கார்ந்து எழுந்தால் தொடையெல்லாம் சிவந்துபோகும். மானத்தை மறைக்க ஒரு முழம் துணி தராத ஊர், விதவையாக்க முழுச் சேலை தந்தது.

"இந்தச் சேலை எனக்குத்தானே?" என்று கேட்டேன்.

"உனக்குத்தான் தாயி."

"யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்களே?"

"குடுத்ததக் கேப்பாங்களா?"

"அப்ப சரி," என்றேன்.

நான் அடங்கிவிட்டதாக நினைத்துப் போனார்கள். அஞ்சலை அக்கா மட்டும் போகவில்லை. முகம் வெளுத்திருந்தது. "நீ கட்டுனா நானும் கட்டணும்டி," என்றாள்.

"கட்டத்தான் போற. கொல்லையில மஞ்சக் கெழங்கு இருக்குல்ல? தோண்டு."

மஞ்சளைத் தட்டி மண்ணெண்ணெய்த் தகரத்தில் கொதிக்கவிட்டோம். சேலையைக் குறுக்கே இரண்டாகக் கிழித்து உள்ளே முக்கினோம். அஞ்சலை அக்கா குச்சியால் கிண்டிக்கொண்டே அழுதாள், பிறகு சிரித்தாள். "கங்காணி பாத்தா வெட்டிப் போடுவான்," என்றாள். "வெட்டட்டும். மொதல்ல காயட்டும்," என்றேன்.

மறுநாள் காலை பிரட்டுக்கு, ஆட்களை எண்ணும் அந்தத் திடலுக்கு, இருவரும் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு போனோம். நெற்றியில் பெரிய பொட்டு. கங்காணி பேர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"எங்க வீட்டுல குடுத்தது வெள்ளச் சேலையாச்சே?"

"குடுத்ததத்தான் கட்டியிருக்கேன் கங்காணி."

யாரோ சிரித்தார்கள். அவர் அந்தப் பக்கம் முறைத்தார், சிரிப்பு நின்றது. "வீட்டக் காலி பண்ணு," என்றார்.

"ஆளு திரும்பி வர்ற வரைக்கும் வீடு அவனவனுக்குத்தான்னு லாரிகிட்ட நின்னு சொன்னீங்க. எல்லாரும் கேட்டாங்க. அவரு வரமாட்டாருன்னா, அதையும் இங்கயே சொல்லுங்க. யாரு வந்து சொன்னாங்கன்னும் சொல்லுங்க."

அந்த வரிசையில் சயாமுக்கு ஆள் அனுப்பிவிட்டு நின்ற பெண்கள் பலர். அத்தனை பேரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். ஒரு வீட்டு ஆள் செத்தான் என்று அவர் வாயால் சொன்னால், அடுத்த கேள்வி அடுத்த வீட்டிலிருந்து வரும். அவர் அடுத்த பேரைக் கூப்பிட்டார். வீடு என்னிடமே இருந்தது.

முளை வந்தபோது

பங்குனிக் கடைசியில் மழை இறங்கியது. ரப்பர் மரங்கள் செம்பு நிறத்தில் துளிர்த்தன. ஒரு காலை, தகரத்தில் மண்ணைக் கீறிக்கொண்டு ஒரு கூரான முனை நின்றது. சுருட்டிய இலை.

அஞ்சலை அக்கா போட்ட சத்தத்தில் லயமே கூடிவிட்டது. சூடம் கொண்டுவந்தார்கள். கங்காணி வீட்டம்மாவும் வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா கண்ணத் தொறந்துட்டா. உன் புருசன் நல்லா இருக்காரு," என்றார்.

சூடம் ஏற்ற நான் விடவில்லை. "எல கருகிரும்," என்றேன். "கெழங்கு மொளைச்சிருக்கு. அவ்வளவுதான். கெட்டது சொன்னப்ப நம்ப மாட்டேன்னேன். இப்ப நல்லது சொல்லுதுன்னு மட்டும் நம்புனா எப்புடி?"

சேலையை மஞ்சளாக்கியதைக்கூட மன்னித்தவர்கள் இதை மன்னிக்கவில்லை. "கல்லு மனசுக்காரி," என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

எல்லாரும் போன பிறகு அந்த முனையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இதை இன்றுதான் வெளியே சொல்கிறேன்.

வறண்ட மாதங்களில் அந்தச் செடி இலையை உதிர்த்துவிட்டுக் கிழங்காகத் தூங்கும் என்று பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு புத்தகத்தில் படித்தேன். இரண்டே வரி. அந்த இரண்டு வரி அன்று யாருக்கும் தெரியாது. எனக்கும்தான்.

சுப்பையா அண்ணன் சொன்னது

ஜப்பான்காரன் தோற்றுப்போன பிறகு வந்த தீபாவளிக்குச் சில நாள் முன்பு சுப்பையா அண்ணன் வந்தார். வந்தவர் அவர்தான் என்று அஞ்சலை அக்காவுக்கே குரலைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. காலில் ஆறாத புண். தன் வீட்டுக்குள் போகும் முன் என் அஞ்சடியில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி," என்றார். பிறகு தண்ணீர் கேட்டார். குடித்தார்.

"எப்பண்ணே?" என்றேன்.

"போன வருசமே... இல்ல, அதுக்கும் முந்தின வருசம். நாங்க லாரியேறிப் போன வருசத்து ஆடியிலயே. வாந்திபேதி. மழையில கூடாரமெல்லாம் முங்கிக் கெடந்துச்சு. நான் பக்கத்துலதான் இருந்தேன். 'இந்நேரம் நம்ம தோட்டத்துல கூழ் ஊத்துவாங்கடா சுப்பையா'ன்னாரு. மறுநா காலையில இல்ல."

எனக்கு அழுகை வருவதற்கு முன் கணக்கு வந்தது. என் புத்தி அப்படிப்பட்டது. ஆடிக் கூழ். பூ கிடைக்காத ஆண்டு. ஆத்தா முன்னால் என் தகரம், பீடத்தை மறைத்த இலைகள், சுற்றி நின்று குலவை. அந்தச் செடி அதன் வாழ்நாளில் அவ்வளவு அழகாக நின்றது இல்லை. அவர் போனது அதே நாட்களில். இலை உதிர்ந்து அவர்கள் சேலை கொண்டுவந்தபோது அவர் போய் மாதங்கள் ஆகியிருந்தன. முளை விட்டு அவர்கள் சூடம் கொண்டுவந்தபோது இன்னும் அதிகம். இருவருக்கும் ஒரே செடி என்று சொன்ன அஞ்சலை அக்காவின் புருஷன் என் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

அவள் ஜன்னல் வழியாகத் தகரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

பொட்டை நானே அழித்தேன். ஆள் வந்து சொன்ன பிறகு, என் கையால். யாரையும் கூப்பிடவில்லை. வெள்ளைச் சேலை வேண்டுமா என்று கேட்டு அனுப்பினார்கள். இருக்கிறது என்றேன். அந்த மஞ்சள் துணி துவைத்துத் துவைத்து, அவர்கள் கொடுத்த நிறத்துக்குக் கிட்டத்தட்ட வந்திருந்தது.

வீட்டுக்குள் வந்தேன். மழைக்காலம் என்பதால் கெலாடி முழு இலையோடு நின்றது. அந்தச் சிவப்புத் தெறிப்புக்கு என் துக்கம் எதுவும் தெரியவில்லை. தெரிய வேண்டியதும் இல்லை. தகரத்தைத் தூக்கிப் பார்த்தேன். லேசாக இருந்தது.

தண்ணீர் ஊற்றினேன்.